கேப் விட்டுத் திரும்புகிறவர்கள் கவனத்துக்கு

தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்தால் எங்கள் ஜிம்முக்குக் கூட்டம் வந்துவிடும். திருவாரூரில் கமலாலயக் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, தகரக் கூரை போட்ட சின்ன இடம். ஆவணியில் நடவு, ஐப்பசியில் அடைமழை, தீபாவளி, அப்புறம் அறுப்பு, பொங்கல் என்று நாலைந்து மாதம் காணாமல் போனவர்கள் ஒரே வாரத்தில் திரும்பி வருவார்கள். சாயங்கால நேரத்தில் புதுப் பையன்களைப் பார்த்துக்கொள்வது நான்தான். போன வாரம் நான்கு பேர், நான் 2016-ல் செய்த அதே முட்டாள்தனத்தை என் கண்ணெதிரே செய்தார்கள். அந்த எரிச்சலில்தான், திரும்பி வருகிறவர்கள் செய்யும் தப்புகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். வார்ம்-அப் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

விட்ட இடத்திலேயே தொடங்குவது

எல்லோரிடமும் ஒரு பழைய எண் இருக்கும். எனக்கு அது ஸ்குவாட்டில், அதாவது தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவதில், 100 கிலோ. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் தஞ்சாவூருக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் நான்கு மாதம் ஜிம் பக்கமே போகவில்லை. திரும்பி வந்த முதல் நாள் 80 போட்டேன், ஏறியது. மூன்றாம் நாள் 90. அடுத்த வாரம் 100. கண்ணாடியில் என்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழுந்தபோது முழங்கால் சில்லுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், சுள்ளென்றது. படி இறங்கினால் இன்னும் மோசம். தைலம் தேய்த்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, நான்கு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி 100 போட்டேன். அதற்கப்புறம் பந்தியில் தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டியிருந்தது. கால் பழையபடி ஆக ஒன்பது மாதம். நான்கு மாதக் கடனுக்கு மீட்டர் வட்டி.

இதில் ஏமாற்றுவது எது தெரியுமா? முதல் இரண்டு வாரம் நன்றாகப் போவதுதான். ஒருமுறை வளர்ந்த தசை, புதிதாக வருகிறவரின் தசையைவிடச் சீக்கிரம் பழைய பலத்துக்கு வந்துவிடும். ஆனால் தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண் அப்படியில்லை. நம் ஊரில் அதையும் நரம்பு என்றுதான் சொல்வோம், ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று. நரம்பு வேறு, இது வேறு. தசைக்குப் போகும் அளவு ரத்தம் நாணுக்குப் போவதில்லை; அது பலம் ஏற மாதக்கணக்காகும். மாடு முறுக்காக நிற்கும், பூட்டாங்கயிறு இற்றுக் கிடக்கும். இந்த நிலையில் வண்டியில் மூட்டை ஏற்றுகிறோம்.

தசையே தாங்காமல் போவதும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து ஒரு மாத லீவில் வந்த தம்பி ஒருவன், லீவு முடிவதற்குள் பழைய உடம்பைக் கொண்டுவரவேண்டும் என்று முதல் நாளே 200 பஸ்கி எடுத்தான். மூன்றாம் நாள் போன். “அண்ணே, மாடிப்படி இறங்க முடியல. திரும்பி நின்னு பின்பக்கமா இறங்குறேன்” என்று சிரித்தான். “ஒன்னுக்கு என்ன கலர்ல போவுது?” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “டிகாஷன் மாதிரி இருக்குண்ணே.”

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. அளவுக்கு மீறிச் சிதைந்த தசையிலிருந்து வரும் நிறமி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அவனுக்கு நல்லவேளையாகத் தப்பியது. சாதாரண வலி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். சிறுநீர் கறுத்தாலோ, தொடை கல் மாதிரி வீங்கினாலோ கஷாயம் வைத்துப் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

சரி, எவ்வளவில் தொடங்குவது? லீவு முடிந்து வரும் விளையாட்டு வீரர்களுக்காக அமெரிக்கப் பயிற்சியாளர் அமைப்புகள் 2019-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். முதல் வாரம் பயிற்சியின் அளவில் குறைந்தது 50 சதவீதத்தைக் குறை. அடுத்தடுத்த வாரங்களில் 30, 20, 10 சதவீதம் குறைத்தால் போதும். நான் அதைவிடக் கஞ்சம். எடையிலும் பாதி, செட்டிலும் பாதி, அப்படியே இரண்டு வாரம். பக்கத்தில் நிற்பவன் “என்னண்ணே, வெறும் கம்பியா?” என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும். எடையை ஏற்றலாமா என்று தூக்கும்போது முழங்காலைக் கேட்காதீர்கள். சூடான உடம்பு பொய் சொல்லும். மறுநாள் காலை படி இறங்கும்போது கேளுங்கள்.

காய்ச்சலிலிருந்து நேராக வருவது

மழை விட்டதும் கொசுவும் காய்ச்சலும் நம் பக்கத்தில் புதிதில்லை. சிக்குன்குனியா மூட்டுவலி வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். வீங்கிய மூட்டின் மேல் எடை ஏற்றாதீர்கள். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும். நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ ஜிம் டிரெய்னரிடம் சொல்லிப் பயனில்லை, டாக்டரிடம் சொல்லுங்கள்.

பங்குனி வெயிலை மறப்பது

வெக்கையைத் தாங்கும் பழக்கமும் கேப்பில் போய்விடும். திரும்பப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். கடல் பக்கத்து ஈரக்காற்றில் வியர்வை கொட்டும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதுவரை விடியற்காலையில் குளக்கரையைச் சுற்றுங்கள்.

பழைய ஷூ

அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிட்டதா? தூக்கிப் போடுங்கள்.

முதல் நாளே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்

வேண்டாம்.

ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டுவது

மாதாமாதம் கட்டுங்கள். எங்கள் ஓனர் மன்னிக்கட்டும்.

வயல் வேலையைக் கணக்கில் சேர்ப்பது

“சும்மா இல்லண்ணே, நாலு மாசமும் வயலுக்குப் போய்ட்டுதான் இருந்தேன்” என்று போன வாரம் வந்த நால்வரில் ஒருவன் சொன்னான். வரப்புவரை பைக்கில் போய், அறுப்பு மெஷின் ஓடுவதை நின்று பார்ப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நடவு நடும் அம்மாக்கள் கேட்டால் வேறு பதில் சொல்வேன். அவர்கள் யாரும் இதுவரை வந்து கேட்டதில்லை.