ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்? குமரி ரோட்டுக்கு ஒரு கணக்கு

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் சித்தி, 62,000 கி.மீ. ஓடிய பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினார். விற்றவர் "இதுக்கு கியர் ஆயில் மாத்தவே வேண்டாம், லைஃப்டைம் ஆயில்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சித்தி எனக்கு போன் போட்டு, "மக்களே, மாத்தணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஆயில் வெறும் மசகு மட்டும் இல்லை. அதன் அழுத்தத்தில்தான் கிளட்ச் தகடுகள் பிடிக்கின்றன, கியர் மாறுகிறது. சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். இவ்வளவு வேலை செய்யும் ஆயில் பழசாகாமல் இருக்காது. 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மெக்கானிக்குகளிடம் புழங்கும் தோராயக் கணக்கு. எனவே 'லைஃப்டைம்' என்ற சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள்.

படி 1: உங்கள் பெட்டி எந்த வகை?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியும் ஒரே வகை இல்லை. ஸ்விஃப்ட், வேகன் ஆர், செலேரியோ ஆட்டோமேட்டிக் எல்லாம் ஏ.எம்.டி., அதாவது கிளட்சையும் கியரையும் வண்டியே இயக்கிக்கொள்ளும் வகை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் பெட்டிதான், அதற்கு மேனுவல் கியர் ஆயில் போதும். கிளட்சை இயக்கும் அமைப்புக்குத் தனி திரவம் உண்டு. எர்டிகா, இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்குகள் எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை. சமீப வருட ஹோண்டா சிட்டி பெட்ரோல் ஆட்டோமேட்டிக், தனித்தனி கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. இது தவிர இரட்டைக் கிளட்ச் உள்ள டி.சி.டி. இருக்கிறது. ஒன்றின் ஆயில் இன்னொன்றுக்கு ஆகாது.

படி 2: கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' அட்டவணையைப் பாருங்கள்

வண்டியோடு வந்த புத்தகத்தில் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும். சாதாரண ஓட்டத்துக்கு 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை போட்டிருப்பார்கள். கடுமையான ஓட்டத்துக்கு 40,000, 50,000 என்று குறையும். நம் மாவட்டத்தில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இரண்டாவது கணக்கில்தான் வரும் என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை முப்பது சொச்சம் கி.மீ.தான். ஆனால் தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். 'டி'யில் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் டார்க் கன்வர்ட்டர் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும். காற்றோட்டமும் இல்லாமல் சூடு ஏறும். கிலோமீட்டர் மீட்டர் அதைக் காட்டாது. குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை, கோதையாறு என்று மலையேறுகிறவர்களுக்கும் இதே கதிதான். பால் வாங்க, பிள்ளையை விட என்று இரண்டு கி.மீ. ஓட்டம் மட்டுமே உள்ள வண்டியும் இதில் சேரும்.

படி 3: ஆயிலைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உள்ள வண்டி என்றால் வீட்டிலேயே முடியும். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று எல்லா இடத்துக்கும் லீவரைக் கொண்டுபோய் மறுபடி 'பி'க்கு வாருங்கள். எஞ்சின் ஓடும்போது பார்ப்பதா, அணைத்ததும் பார்ப்பதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். குச்சியே இல்லாத வண்டிகளும் நிறைய. அவற்றை லிஃப்டில் ஏற்றி, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது கீழேயுள்ள பிளக் வழியாகத்தான் பார்க்க முடியும்.

குச்சியில் இருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். சித்தி வண்டியில் விட்டபோது, சொட்டு மெதுவாக விரிந்து நடுவில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஒரு வட்டம் நின்றது. ஓரத்தில் மட்டும் மங்கிய சிவப்பு. பெரும்பாலான புது ஆயில் தெளிந்த சிவப்பாக இருக்கும். சில கம்பெனி ஆயில் பச்சை, நீலம், வெளிர் மஞ்சள் என்றும் வரும். சிலது சீக்கிரமே கருக்கும். எனவே நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் முகர்ந்தும் பாருங்கள். அக்கானி (பதநீர்) காய்ச்சும்போது அடிப்பிடித்தால் வருமே, அந்த மாதிரி கரிந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் வெந்திருக்கின்றன. ரோஸ்மில்க் மாதிரி கலங்கியிருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். எஞ்சின் ஆயில் மாதிரி இது எரிந்து தீராது.

படி 4: ஓட்டத்தில் கவனியுங்கள்

காலையில் முதல் தடவை 'ஆர்' போட்டதும் இரண்டு மூன்று வினாடி யோசித்துவிட்டு இழுக்கிறதா? மேட்டில் ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறாமல் வழுக்குகிறதா? சீரான வேகத்தில் போகும்போது கல்பாவிய ரோட்டில் போவதுபோல ஒரு அதிர்வு வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

படி 5: மழை

2023 டிசம்பர் மாதிரி ஒரு மழையில் வண்டி அச்சுக்கு மேல் தண்ணீரில் நின்றிருந்தால், பெட்டியின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தண்ணீர் பட்டால் கிளட்ச் தகட்டின் மேல்பூச்சு ஊறி உரியத் தொடங்கும். ஆயில் போன வாரம்தான் மாற்றியது என்றாலும் திறந்து பாருங்கள்.

படி 6: மாற்றும்போது

வடிகால் போல்ட்டைக் கழற்றினால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் வெளியே வரும். மீதி கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் ஒரு முறை மாற்றி, சில நூறு கி.மீ. ஓட்டி, மறுபடி ஒரு முறை மாற்றுவது நல்லது. அடித்தட்டைக் கழற்றினால் பில்டரும் கேஸ்கெட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். தட்டில் உள்ள காந்தத்தை நீங்களே வாங்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் விழுது மாதிரி ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் துணுக்குகள் இருந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது. ஏற்கெனவே வழுக்கும் பழைய பெட்டிக்கு அழுத்த மெஷின் வைத்துப் பழைய ஆயில் முழுவதையும் தள்ளி எடுக்கும் ஃபிளஷ் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆயில் குறியீட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எனது முந்தைய சி.வி.டி. வண்டிக்கு ஒரு வொர்க்‌ஷாப்பில் "எல்லாத்துக்கும் ஆகும்" என்று சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். பார்வதிபுரம் மேம்பாலம் ஏறும்போது பெட்டி ஊளையிட்டது. இரண்டு தடவை வடித்து, சரியான ஆயில் ஊற்றிய பிறகுதான் அடங்கியது. அதிலிருந்து ஆயில் டின்னை என் கண்முன்னால் உடைக்கச் சொல்கிறேன்.

சித்தி வண்டி டார்க் கன்வர்ட்டர் வகை. பழைய சர்வீஸ் ரசீது இல்லை, நிறம் கருத்திருந்தது, கரிந்த வாடை இல்லை, வழுக்கலும் இல்லை. தாமதிக்காமல் மாற்றிவிடச் சொன்னேன். இரண்டு தடவையாக மாற்றி முடித்து, பானட்டின் உட்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய சீட்டை ஒட்டியிருக்கிறார்: "அடுத்தது 1,02,000."