கீரிப்பூச்சியும் இரண்டாவது மாத்திரையும்

என் 5 வயது மகள் ராத்திரியானால் பின்பக்கம் சொறிந்துகொண்டே அழுவாள். ஒருநாள் தூங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை நூல்துண்டு போல ஒன்று நெளிந்தது. கீரிப்பூச்சி.

பாம்பனில் எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் பெரியம்மா, ஆட்டுக்கு ஊற்றுகிற பூச்சி மருந்தில் ஒரு மூடி கொடுக்கச் சொன்னார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அதன் வீரியமும் அளவும் ஆட்டுக்கானவை, பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை, 400 மில்லிகிராம் ஒன்று, மென்று தின்ன வேண்டும். 1 வயது முடிந்து 2 வயதுக்குள் என்றால் பாதிதான், பொடித்துத் தண்ணீரில் கலந்து. வீட்டில் எல்லோருக்கும் அதே நாளில் கொடுத்தார்கள். மாசமாக இருந்த தம்பி மனைவிக்கு மட்டும் டாக்டர் வேண்டாம் என்றார்.

3 வாரத்தில் மறுபடி சொறிச்சல். மருந்து புழுவைக் கொல்லும், முட்டை தப்பிவிடும். அதனால் 2 வாரம் கழித்து இன்னொரு மாத்திரை போட வேண்டும். அதைத்தான் மறந்திருந்தேன்.

திரும்ப டாக்டரிடம் கேட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். அடுத்த மாத்திரைக்குக் காலண்டரில் வட்டம் போட்டேன். நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, போர்வையை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டேன். இப்போது விடியும்வரை அசையாமல் தூங்குகிறாள்.