1996 கார்வெட் வாங்குமுன்: எண்ணைப் படியுங்கள், வாட்டர் பம்புக்கு அடியில் பாருங்கள்

கார்வெட் என்பது அமெரிக்க நிறுவனமான செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார். அதன் நான்காம் தலைமுறையான சி4 1984 மாடலில் தொடங்கி 1996-இல் முடிந்தது. கடைசி ஆண்டில் கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் ஆலை 21,536 கார்களைக் கட்டியது. பழசாகிவிட்ட காரை விற்றுத் தீர்க்க செவ்ரோலே ஒரு புது என்ஜினையும் இரண்டு சிறப்புப் பதிப்புகளையும் சேர்த்தது. இன்றைக்கு விலையை ஏற்றுவது இந்த மூன்றும்தான். போலியும் வாய்ச்சவடாலும் நுழைவதும் அங்கேதான்.

முன்கண்ணாடிக்கு அடியில் தெரியும் 17 இலக்கச் சாசி எண்ணில் தொடங்குங்கள். எட்டாவது இடத்தில் 5 இருந்தால் என்ஜின் எல்டி4, 330 குதிரைத்திறன். அங்கே ஆங்கில எழுத்து ‘பி’ இருந்தால் எல்டி1, 300 குதிரைத்திறன். அந்த ஆண்டு ஆறு கியர் மேனுவல் கார் அத்தனையிலும் எல்டி4. ஆட்டோமேட்டிக் அத்தனையிலும் எல்டி1. இரண்டும் மாறிப் பொருத்தப்பட்டு ஆலையிலிருந்து எதுவும் வரவில்லை. எல்டி4-இன் இன்டேக் மேனிஃபோல்டு (என்ஜினின் மேலே உட்கார்ந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) சிவப்பாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் சிவப்பு பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் காரில் சிவப்பு மேனிஃபோல்டைக் கண்டால் யாரோ பூசியது, அல்லது என்ஜினே மாறியது.

இரண்டு சிறப்புப் பதிப்புகளில் ஒன்றான கிராண்ட் ஸ்போர்ட் மொத்தம் 1,000: கூப்பே 810, கன்வெர்ட்டிபிள் 190. இவற்றுக்குத் தனி வரிசை எண் உண்டு. சாசி எண்ணின் கடைசி ஆறு இலக்கம் 600001 முதல் 601000-க்குள் விழ வேண்டும். விழாவிட்டால் நீல பெயின்ட்டும் நடுவில் ஓடும் வெள்ளைப் பட்டையும் இடது முன் ஃபெண்டரின் (சக்கரத்துக்கு மேலுள்ள உடல் பகுதி) சிவப்புக் கோடுகளும் வெறும் அலங்காரம். கூப்பேயில் பின்டயர் 315/35 அளவு. அதை மூடப் பின் ஃபெண்டரில் கூடுதல் விளிம்பு ஒட்டியிருக்கும். கன்வெர்ட்டிபிளில் 285/40 டயர்தான், விளிம்பு கிடையாது. விளிம்பு இல்லாத கன்வெர்ட்டிபிளைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

மற்றொரு பதிப்பான கலெக்டர் எடிஷன் 5,412 கார்கள். புதிதில் 1,250 டாலர் கூடுதல். அதற்குக் கிடைத்தது வெள்ளி நிறம், ஐந்து ஆரச் சக்கரங்கள், இருக்கையில் எம்பிராய்டரி. என்ஜின் இரண்டில் எதுவும் இருக்கலாம். ஆட்டோமேட்டிக் கலெக்டர் எடிஷனுக்கு எல்டி4 விலை கேட்பவரிடம் நேரம் செலவழிக்க வேண்டாம். ஓட்டுவதற்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால், சாதாரண நிறத்தில் இருக்கும் எல்டி4 கூப்பேதான் புத்திசாலித்தனமான தேர்வு. இயந்திரம் அதே, பணம் குறைவு.

இனி பானெட்டைத் திறங்கள். இந்தக் காரின் உயிர்நாடி ஆப்டிஸ்பார்க் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் கருவி. என்ஜினின் முன்முகத்தில், வாட்டர் பம்புக்கு நேர் கீழே உட்கார்ந்து, கேம்ஷாஃப்ட்டால் சுழல்கிறது. உள்ளே ஒரு ஒளி உணரி, துளையிட்ட தட்டின் வழியே சுழற்சியைப் படிக்கிறது. பம்பின் சீல் தேய்ந்தால் கூலன்ட் கசிவுத்துளை வழியாக நேராக அதன் தலையில் சொட்டும். டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துக் கசிவுத்துளையைப் பாருங்கள். காய்ந்த உப்புப்படிவு தெரிந்தாலே பேரத்தைத் தொடங்கலாம். மழை நாளில் ஐடிலில் தடுமாற்றம், சூடானபின் அதிவேகச் சுழற்சியில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது), ஓட்டத்தில் அணைந்து ஆறியபின் மறுபடி கிளம்புதல் ஆகியவை இது சாகத் தொடங்கியதன் அடையாளம். 1996 காரில் கோளாறுகளைத் தானே பதிந்துவைக்கும் ஓபிடி-2 இருப்பதால் ஸ்கேனர் மாட்டினால் மிஸ்ஃபயரைக் குறிக்கும் பி0300 குறியீடு சேமிப்பில் கிடக்கலாம். சமீபத்தில்தான் நினைவகம் அழிக்கப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இந்த ஆண்டின் ஆப்டிஸ்பார்க் காற்றோட்டம் உள்ள வகை. மெல்லிய வேக்குவம் குழாய்கள் உள்ளே சேரும் ஈரத்தை இழுத்து வெளியேற்றும். குழாய் வெடித்திருந்தால் புது டிஸ்ட்ரிபியூட்டரும் சீக்கிரமே போகும். மாற்றும்போது 1992–94 வகையை வாங்கிவிடாதீர்கள், அதன் இணைப்பு முனை வேறு. வேலை வரிசை இது: கூலன்டை வடித்து, வாட்டர் பம்பைக் கழற்றி, கிராங்க் பேலன்சரை (கிராங்க் தண்டின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) எடுத்தபின்தான் டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே வரும். பேலன்சர் ஹப்பில் அதைச் சரியான நிலையில் நிறுத்தும் சாவிப்பள்ளம் கிடையாது. அதையும் இழுக்க நேர்ந்தால் முதலில் நிலையைக் குறியிட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் பிரித்தபின் பழைய பம்பையே திருப்பி மாட்டுவது வீண் சிக்கனம். பம்பையும், டைமிங் கவரில் உள்ள மூன்று சீல்களையும் (கிராங்க், டிஸ்ட்ரிபியூட்டர், பம்ப் தண்டு) சேர்த்தே மாற்றுங்கள்.

கூலன்ட் நிரப்புவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்த என்ஜினில் கூலன்ட் முதலில் சிலிண்டர் ஹெட்டுக்குப் போய்ப் பிறகு பிளாக்குக்கு இறங்குகிறது. காற்று தானாக வெளியேறாது. தெர்மோஸ்டாட் உறையின் மேல் ஒன்று, திராட்டில் பாடி அருகே ஒன்று என இரண்டு பித்தளைத் திருகுகள் உண்டு. பாதிக்குப் பாதி கலவையை மெதுவாக ஊற்றி, குமிழி இல்லாமல் ஒழுகும்வரை அவற்றைத் திறந்து வையுங்கள். மென்மையான உலோகம், இறுக்கி முறுக்கினால் தலை உடையும். முதல் திருகு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலேயே இருப்பதால் அடியில் கந்தல் துணியைத் திணித்துவிட்டுத் தொடங்குங்கள். என்ஜினைப் பிரஷர் பைப்பால் கழுவவே கூடாது.

என்ஜினின் பின்புறம் ஆயில் ஈரம் இருந்தால் கிராங்க் சீல் என்று அவசரப்பட வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டின் முன், பின் முனைகளில் சிலிகான் பசை மட்டுமே உண்டு. பின்முனைப் பசை விட்டால் எண்ணெய், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள பெல் ஹவுசிங் உறை வழியே இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். மேலிருந்து பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மேனுவல் காரில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் கியர்பாக்ஸ். சூடான என்ஜினில் முதல் கியரிலிருந்து மென்மையாக ஓட்டினால் நெம்புகோல் நேராக நான்காவதுக்குத் தள்ளும். கோளாறு அல்ல, எரிபொருள் சிக்கனத்துக்காக ஆலையில் வைத்த ஏற்பாடு. நியூட்ரலில் கிளட்சை விட்டால் கடகடப்பு, மிதித்தால் அமைதி என்றால், முன்பே யாரோ அதிர்வை உள்வாங்கும் இரட்டை நிறை பிளைவீலை எடுத்துவிட்டு ஒற்றை நிறை பிளைவீல் போட்டிருக்கலாம். அதனால் கெடுதல் இல்லை. மூல பிளைவீலே இருந்தும் இப்படிச் சத்தம் வந்தால் செலவு காத்திருக்கிறது.

உடல் பிளாஸ்டிக் என்பதால் துரு இல்லை என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கூடு எஃகு. சாலையில் உப்பு தூவும் மாநிலங்களில் ஓடிய காரில் முன்கண்ணாடிச் சட்டத்தின் அடியையும் கதவுக்குக் கீழும் தட்டிப் பாருங்கள். முன்விளக்குகளை ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். மோட்டார் சுழன்றும் விளக்கு எழாவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்திருக்கிறது, மலிவான பழுதுதான்.

சாவியில் ஒரு சிறு மின்தடை பதித்திருக்கும். கார் அதை அளந்து, பொருந்தினால்தான் ஸ்டார்ட்டரை விடும். ஸ்டீயரிங் தண்டுக்குள் போகும் மெல்லிய கம்பி அறுந்தால் ஸ்டார்ட்டர் மௌனமாகும், பாதுகாப்பு விளக்கு எரியும், சில நிமிடம் காத்திருக்க வேண்டும். சாவியைப் பல தடவை போட்டு எடுத்துச் சோதியுங்கள். இரண்டாவது சாவி இருந்தால் அதையும் கேட்டு வாங்கி, மல்டிமீட்டரில் இரண்டின் ஓம் அளவையும் குறித்து வையுங்கள். நாளை புதுச் சாவி வெட்ட அந்த எண் வேண்டியிருக்கும்.