பூரிம் பண்டிகையில் எஸ்தரிடம் துணிச்சல் பழகுவது எப்படி?

பூரிம் யூதர்களின் பண்டிகை. பாரசீக ராஜாவின் அமைச்சன் ஆமான் யூதர்களை அழிக்கக் கட்டளை பிறப்பித்தபோது, ராணியாயிருந்த யூதப் பெண் எஸ்தர் துணிந்து பேசி அவர்களைக் காப்பாற்றினாள் என்ற பைபிள் கதையை நினைவுகூரும் நாள் இது. யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 14-ஆம் நாள் வரும். நம் கணக்கில் மாசி அல்லது பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி விழும். 2027-இல் மார்ச் 22 மாலை தொடங்கி 23 மாலை முடிகிறது. அது ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் என்பதால் கிறிஸ்தவக் குடும்பங்கள் பண்டிகை விருந்தை இறைச்சியில்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, பைபிளிலுள்ள எஸ்தர் புத்தகத்தை முழுவதுமாக, சத்தமாக வாசிப்பது. பத்தே அதிகாரம். யூதர்கள் மாலையில் ஒருமுறை, மறுநாள் பகலில் ஒருமுறை வாசிப்பார்கள். ஆமான் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டட்டும். சத்தம் அடங்கிய பிறகே வாசிப்பவர் தொடர வேண்டும். ஒரு சொல்லும் காதில் விழாமல் போகக்கூடாது. பலர் எஸ்தர் துணிந்து முடிவெடுக்கும் நாலாம் அதிகாரத்தை மட்டும் வாசித்து நிறுத்திவிடுகிறார்கள். அப்போது எஸ்தரின் துணிச்சல் ஒரு நொடி ஆவேசமாகத் தெரியும். அது படிப்படியாக வந்தது.

அவள் செய்ததைக் கவனியுங்கள். தன்னை வளர்த்த உறவினர் மொர்தெகாய் ஏன் இரட்டு (துக்கத்துக்கான சாக்குத்துணி) உடுத்தி நிற்கிறார் என்று ஆளனுப்பி விசாரிக்கிறாள். கட்டளையின் நகல் கைக்கு வருகிறது. பயத்தை மறைக்கவில்லை: அழைக்காமல் ராஜாவிடம் போனால் மரணம், தன்னை அழைத்து முப்பது நாளாகிறது என்று சொல்லி அனுப்புகிறாள். பிறகு தலைநகர் சூசானிலுள்ள யூதரெல்லாரையும் மூன்று நாள் தன்னோடு உபவாசிக்கச் சொல்கிறாள். ராஜா "என்ன வேண்டும்?" என்று கேட்டதும் கொட்டித் தீர்க்கவில்லை, விருந்துக்கு அழைக்கிறாள், மறுநாளும் அழைக்கிறாள். இரண்டாம் விருந்தில்தான் கேட்கிறாள்: என் உயிர், என் ஜனங்கள். அவ்வளவுதான்.

வாசிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்ட ஒரு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள்: தெருவுக்கு வராத குடிதண்ணீர், படிப்பு நின்றுபோன பக்கத்து வீட்டுப் பெண். அதன் கீழே நாலு வரி: கையில் என்ன ஆதாரம் இருக்கிறது, எதற்குப் பயம், யார் கூட வருவார்கள், யாரிடம் என்ன கேட்பது. மொர்தெகாய் எஸ்தரிடம் கேட்டதையும் சேருங்கள்: நீ இந்த இடத்துக்கு வந்தது இதற்காகத்தானோ? பொருளாளர், வார்டு உறுப்பினர், கிளார்க் என்று எந்தப் பொறுப்பில் இருப்பவரும் பதில் எழுதியாக வேண்டிய கேள்வி இது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோவதென்றால் ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. ஐந்து குறைகளை அடுக்கினால் ஐந்தும் வெவ்வேறு துறைக்குரியவை. எதற்கும் நேரான பதில் வராது. ஆதாரங்களின் நகல்களை இணையுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பகலில் கொடுக்க வேண்டியவை இரண்டு. ஏழைகள் குறைந்தது இருவருக்கு அன்றைக்கே கைக்குப் போய்ச் சேரும்படி உதவி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது ஆகும் அளவுக்கு. நண்பர் ஒருவருக்கு உடனே சாப்பிடக்கூடிய இரண்டு பண்டங்கள். விருந்தைவிட ஏழைகளுக்கே அதிகம் செலவிட வேண்டும் என்று 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். பட்ஜெட்டையும் அந்த வரிசையில் போடுங்கள்.

பண்டங்களில் ஒன்று ஆமான் பெயரிலுள்ள முக்கோண பிஸ்கட்டாக இருக்கட்டும். மைதா 250 கிராம், வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 75, முட்டை ஒன்று, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன். பிசைந்து ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வையுங்கள். மதுரை வெயிலில் வெண்ணெய் இளகி மாவு ஒட்டும். பூரணத்துக்குக் கசகசா 100 கிராமை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, 100 மில்லி பாலும் 75 கிராம் வெல்லத்தூளும் சேர்த்துச் சுருளக் கிளறி ஆறவிடுங்கள். மாவை 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, அகலமான டம்ளர் வாயால் வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு டீஸ்பூன் மட்டும் வைத்து, மூன்று முனைகளையும் அழுத்திக் கிள்ளுங்கள். பூரணம் கூடினாலோ நீர்த்திருந்தாலோ ஓவனில் முனை பிரிந்து வழியும். ஓவனில் 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். ஓரம் சிவந்ததும் எடுத்துவிடலாம்.