துளைப் படப்புத்தகம்: பாகற்காயா, முதலையா?

அட்டையில் ஒரு வட்டத் துளை. அதன் வழியே பச்சையாய், கரடுமுரடாய் ஏதோ தெரிகிறது. "முதலை!" என்று குழந்தை கத்தும். புரட்டினால் பாகற்காய். நாலைந்து வயதுப் பிள்ளைகள் உற்றுப் பார்க்கப் பழக இது போதும், கடையில் வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம்.

ஒரு பொருளுக்கு இரண்டு தாள்: துளைத்தாள், அடியில் படத்தாள். ஐந்து பொருள் என்றால் 10 தாள், மேலட்டைகள் தனி. ஏ5 அளவில் (ஏ4 தாளில் பாதி) வெட்டிய 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஐவரி அட்டை எடுங்கள். சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். அடியில் இருக்கும் படம் நிழலாடி விடையைச் சொல்லிவிடும்.

முதலில் படம். பாகற்காய், சீத்தாப்பழம், மயிலிறகு, சேவல் கொண்டை, அன்னாசி எல்லாம் நன்றாக வரும். போனை ஒட்டிப் பிடித்தால் மங்கும். ஒரு சாண் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். 6x4 அங்குல அளவில் மேட் தாளில் பிரிண்ட் போடுங்கள். பளபளப்புத் தாள் என்றால் துளைக்குள் விளக்குதான் தெரியும்.

அடுத்து துளை. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், சரியான அளவு. துளைத்தாளின் நடுவில் வைத்து வரைந்து கட்டரால் வெட்டுங்கள். இது பெரியவர் வேலை. எல்லாத் துளைத்தாளிலும் துளை ஒரே இடத்தில் இருக்கட்டும்.

இனிதான் பலரும் சறுக்கும் இடம். படத்தை முதலில் ஒட்டிவிட்டு, அதற்கேற்பத் துளையிடப் போகாதீர்கள். படத்தாளின் மேல் துளைத்தாளை விளிம்பு பிசகாமல் வைத்து, இடையில் போட்டோவைச் செருகுங்கள். அப்படியும் இப்படியும் நகர்த்தினால் பாகற்காயின் மேடுபள்ளம் மட்டும் துளையில் வந்து நிற்கும்; காம்பு தெரிந்தால் ஆட்டம் காலி. அப்படியே அழுத்திப் பிடித்து, துளைத்தாளை மெல்லத் தூக்கி, போட்டோவின் நான்கு மூலையிலும் பென்சில் புள்ளி வைத்து, அப்புறம் ஒட்டுங்கள். குளூ ஸ்டிக்தான் நல்லது. வெள்ளைப் பசையின் ஈரத்தில் போட்டோ சுருங்கும்.

துளைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். புரட்டியதும் துளைத்தாள் இடப்பக்கம் போய், துளை வழியே முந்தைய படத்தாளின் முதுகைக் காட்டும்; முதல் துளைத்தாள் என்றால் முன் மேலட்டையின் உட்புறத்தை. அங்கே வெள்ளையாக விடலாம். நான் அதே பாகற்காயைப் பந்தலுக்கு அடியில் படுத்து, எறும்பு அண்ணாந்து பார்ப்பதுபோல எடுத்த படத்தை ஒட்டுவேன். பிள்ளை துளையில் பார்த்துவிட்டுப் பின்னால் புரட்டிப் போகும். "இது என்ன?" என்று எங்கும் எழுதாதீர்கள், அவர்களே கேட்பார்கள்.

கடைசியில் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங். ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: குழந்தை விரலை விட்டுத் துளை கிழிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வெட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்து வெட்டுங்கள். ஸ்பைரல் போடக் கொடுக்கும்போது இடது ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். வலது பக்கம் குத்திவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.