கல்யாண கேசட்டின் புள்ளிகளைக் குறைப்பது: ஜரிகை போகாமல்

அக்காவின் 1994 கல்யாண வி.எச்.எஸ். கேசட்டைக் கணினியில் ஏற்றியாகிவிட்டது. வீடியோ லைட் விழுந்த இடங்கள் பரவாயில்லை. பந்தி நடக்கும் இடத்துக்குக் கேமரா போனால் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக எறும்பு ஊர்கிறது. இதற்கு ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளே போதும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளிலும் செய்யலாம், ஆனால் புள்ளியைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு.

முதலில் டீஇன்டர்லேஸ், அதாவது வரி விட்டு வரியாகப் பதிந்த படத்தை முழுப் படமாக்குவது. நம் ஊர் கேசட்டில் நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு ஃபீல்டாகப் பிரிந்திருக்கும். அசைவில் தெரியும் சீப்புப் பல் கோடுகளை எடுக்காமல் புள்ளியை மட்டும் தேய்த்தால் படம் கூழாகிவிடும். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸுக்கு யாடிஃப், ப்ரீசெட் பாப். இது ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃபிரேமாக்கும். அதனால் வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட் 50, கான்ஸ்டன்ட். 25 என்று வைத்தால் பாதி அசைவு போய்விடும். படத்தின் அடியில் துடிக்கும் பட்டையை கிராப்பில் கையால் வெட்டுங்கள்.

அப்புறம்தான் புள்ளி. வி.எச்.எஸ். நிறத்தை மிகக் குறைந்த விவரத்தோடுதான் பதிகிறது. அதனால் நிறப் புள்ளிகள் பெரிய திட்டுகளாக மிதக்கும். அவற்றை நன்றாகவே தேய்க்கலாம், இழக்க அதிகம் இல்லை. நிறத்தை மட்டும் தேய்க்கும் குரோமா ஸ்மூத்தை மீடியம் வையுங்கள். வெளிச்சப் புள்ளிகள் விஷயம் வேறு. அங்கேதான் முகச் சுருக்கமும் புடவை நெசவும் இருக்கின்றன. இவற்றுக்கு டீநாய்ஸில் என்.எல்.மீன்ஸ் என்ற முறை, ப்ரீசெட் லைட், டியூன் டேப். ஸ்ட்ராங் பக்கமே போகாதீர்கள், தாத்தா மெழுகுப் பொம்மை ஆகிவிடுவார். ஷார்ப்பனும் வேண்டாம், தேய்த்த புள்ளியைத் திரும்பக் கூப்பிடுகிற வேலை அது.

முழு நீளத்தையும் ஓடவிடாதீர்கள், என்.எல்.மீன்ஸ் ரொம்ப மெதுவானது. ரேஞ்ச் பெட்டியில் சாப்டர் என்பதை செகண்ட்ஸ் என்று மாற்றி, முப்பது விநாடித் துண்டுகளாக எடுத்துப் பாருங்கள்: முகூர்த்த மேடை, இருட்டு மூலை, ஆட்கள் நடக்கும் இடம். நான் பார்ப்பது பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை. சுவர் இன்னும் கொஞ்சம் ஊர்ந்தாலும் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தால் சரி. இழை கலந்து மஞ்சள் பட்டையாகிவிட்டால் ஒரு படி இறங்கி, அல்ட்ராலைட்.

புள்ளி குறைந்ததும் இருட்டுச் சுவரில் படிக்கட்டுபோலப் பட்டைகள் தெரியலாம். நிறப் படிகள் அதிகமுள்ள எச்.265 10-பிட் வடிவத்தில் எடுத்தால் அது குறையும், தரம் ஆர்.எஃப். 18 (எண் குறையக் குறையத் தரம் கூடும்). பெரியவர்களுக்குக் கொடுக்கும் பிரதி என்றால் அவர்கள் வீட்டு டிவியில் ஒரு துண்டை ஓட்டிப் பாருங்கள். பழைய டிவி 10-பிட்டைத் திறக்காமல் போகலாம், அதற்கு மட்டும் தனியாக எச்.264 8-பிட்டில் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.