வீட்டுக் கணினியிலேயே நெட்வொர்க் ஊடுருவல் சோதனை பழகுவது எப்படி?

உரிமையாளரின் அனுமதியோடு கணினிகளின் ஓட்டைகளைத் தேடும் நெறிசார் ஹேக்கிங் கற்க வேண்டும் என்று தொடங்குபவர்களில் பலர் முதல் நாளே காளி லினக்ஸை (ஊடுருவல் சோதனைக் கருவிகளோடு வரும் இயக்குதளம்) நிறுவி, அதன் பட்டியலில் நூற்றுக்கணக்கில் இருக்கும் கருவிகளில் இரண்டொன்றைத் திறந்து பார்த்துவிட்டு, அவை என்ன சொல்கின்றன என்று புரியாமல் மூடிவிடுகிறார்கள். ஒரு கணினி இன்னொரு கணினியோடு பேசும்போது கம்பி வழியே என்ன போய்வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பழகாதவரைக்கும் எந்தக் கருவியின் விடையும் வெறும் எழுத்துக்கூட்டம்தான். ஆகவே கருவிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன், இரண்டே இரண்டு மெய்நிகர் கணினிகளை (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைக் கவனிக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஆம் பிரிவு அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதைத் தவறு என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இலங்கையில் இதற்கென 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. கல்லூரி வைஃபையும் பக்கத்து வீட்டு ரவுட்டரும் பயிற்சிக் களங்கள் அல்ல. உரிமையாளர் எழுத்து மூலம் அனுமதி தந்த கணினி, அல்லது உங்களுக்கே சொந்தமான கணினி, இவை இரண்டைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது.

8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி ஒன்று இருந்தால் பயிற்சிக்கூடம் அமைத்துவிடலாம். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதில் காளி லினக்ஸுக்கு 2 ஜிபி நினைவகம் ஒதுக்குங்கள். தாக்கப்படும் கணினியாக மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2 பொருத்தமானது; வேண்டுமென்றே ஓட்டைகளை விட்டு, பயிற்சிக்காகவே உருவாக்கப்பட்ட இதை ராப்பிட்7 நிறுவனம் இலவசமாகத் தருகிறது. இது நிறுவல் கோப்பாக வராமல் ஆயத்த வட்டுக் கோப்பாக வருவதால், விர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினி ஒன்றை உருவாக்கி, ஏற்கெனவே உள்ள வட்டைப் பயன்படுத்தும் தெரிவின் வழியாக இணைக்க வேண்டும். 512 எம்பி நினைவகமே இதற்குப் போதும்.

காளிக்குத் தேவையான புதுப்பித்தல்களை முடித்துக்கொண்ட பிறகு, இரு கணினிகளின் நெட்வொர்க் அமைப்பையும் ஹோஸ்ட்-ஒன்லி (உங்கள் மடிக்கணினிக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் அமைப்பு) என்று மாற்றுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே கூடாது. வீட்டு நெட்வொர்க்கோடு நேரே இணைக்கும் பிரிட்ஜ் என்ற அமைப்பில் விட்டுவிட்டால், ஓட்டைகள் நிறைந்த அந்தக் கணினி உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாக் கருவிகளின் கண்ணிலும் படும். காளியிலிருந்து இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பிப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் பயிற்சிக்கூடம் இணையத்திலிருந்து பிரிந்திருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் இரண்டின் அப்போதைய நிலையையும் ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து வைத்துக்கொண்டால், பின்னர் எதை உடைத்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இப்போது காளியில், நெட்வொர்க்கில் போய்வருவதைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து ஓடவிட்டுவிட்டு, அதன் பிறகே நெட்வொர்க்கைத் துழாவும் என்மேப்பை இயக்குங்கள். பயிற்சியின் சாரம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாகத் தரும் 192.168.56.0 வரம்பில் எந்தக் கணினிகள் உயிரோடு இருக்கின்றன என்று ரூட் (முழு நிர்வாகி) அனுமதியுடன் என்மேப்பிடம் கேட்டால், ஒவ்வொரு முகவரியும் யாரிடம் இருக்கிறது என்று அது ஏஆர்பி (ஒரு முகவரிக்குரிய கணினியைக் கண்டறியும் நெறிமுறை) வழியாக வரிசையாகக் கூவிக் கேட்பதை வயர்ஷார்க் திரையில் காணலாம். அடுத்து, கிடைத்த முகவரியின் போர்ட்டுகளை (ஒவ்வொரு சேவையும் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்கள்) துழாவச் சொல்லுங்கள். என்மேப் ஒவ்வொரு போர்ட்டுக்கும், இணைப்பைத் தொடங்கலாமா என்று கேட்கும் ஒரு சின் பாக்கெட்டை (பாக்கெட் என்பது நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டு) அனுப்புகிறது. போர்ட் திறந்திருந்தால் சம்மதம் சொல்லும் சின்-ஆக் வரும், மூடியிருந்தால் மறுப்புச் சொல்லும் ஆர்எஸ்டி வரும், நடுவில் தீச்சுவர் பாக்கெட்டைத் தின்றுவிட்டால் எதுவுமே வராது. திறந்தது, மூடியது, வடிகட்டப்பட்டது என்று என்மேப் அச்சிடும் சொற்கள் இந்த மூன்று விடைகளிலிருந்தே பிறக்கின்றன. இதை ஒருமுறை பாக்கெட் பாக்கெட்டாகப் பார்த்தவருக்கு, கணினிகள் இணைப்பை ஏற்படுத்தும் டிசிபி நெறிமுறையின் மூன்று கட்டக் கைகுலுக்கலைப் பாடமாக மனனம் செய்ய வேண்டியதில்லை.

திறந்திருக்கும் இருபதுக்கும் மேற்பட்ட போர்ட்டுகளில் 23ஆம் போர்ட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். காளியிலிருந்து டெல்நெட் (தொலைவிலிருந்து கட்டளையிடும் பழைய, குறியாக்கமற்ற முறை) வழியாக உள்நுழைந்து (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வரவேற்புத் திரையிலேயே எழுதப்பட்டிருக்கும்), பின்பு வயர்ஷார்க்கில் அந்த உரையாடலை முழு ஓடையாகத் திறந்து பாருங்கள். பயனர்பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டு முறை தெரியும், நீங்கள் அனுப்பியது ஒன்றும் எதிர்க் கணினி திருப்பி எதிரொலித்தது ஒன்றுமாக. கடவுச்சொல் மட்டும் எதிரொலிக்கப்படாததால் ஒற்றை எழுத்துகளாக, ஆனால் ஒளிவுமறைவின்றி, அப்படியே கிடக்கும். 22ஆம் போர்ட்டில், குறியாக்கத்துடன் தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக இதையே செய்தால் குறியாக்கப்பட்ட குப்பை மட்டுமே கண்ணில் படும். சற்றுப் பழைய எஸ்எஸ்எச் என்பதால் காளி இணைய மறுக்கக்கூடும். பழைய சாவி வகைகளை அனுமதிக்கும் தெரிவைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

21ஆம் போர்ட்டில்தான் உண்மையான ஊடுருவல் தொடங்குகிறது. சேவைகளின் பதிப்பைக் கேட்கும் தெரிவுடன் என்மேப்பை ஓட்டினால், அங்கே விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 (கோப்புகளைப் பரிமாறும் எஃப்டிபி சேவைக்கான மென்பொருள்) இருப்பதாகச் சொல்லும். அந்தப் பதிப்பின் பதிவிறக்கக் கோப்பில் யாரோ பின்கதவு ஒன்றைச் செருகியிருந்தது 2011ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. அறியப்பட்ட ஓட்டைகளின் பொதுப் பட்டியலான சிவிஇயில் சிவிஇ-2011-2523 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கிறது. பதிப்பெண்ணைக் கொண்டு சிவிஇ பட்டியலைத் தேடும் இந்தப் பழக்கமே அன்றாடப் பணியில் மிகுதியாகப் பயன்படுவது. பயனர்பெயரின் இறுதியில் இரட்டைப் புள்ளியும் பிறை அடைப்பும் சேர்ந்த :) என்ற சிரிப்புக் குறியை வைத்து எஃப்டிபி வழியாக உள்நுழைய முயன்றால், கடவுச்சொல் எதுவாக இருந்தாலும், 6200ஆம் போர்ட் திறந்து ரூட் அனுமதியுடன் கட்டளை முனையம் கிடைக்கும். முயற்சிக்கு முன்னும் பின்னும் அந்தப் போர்ட்டை என்மேப்பால் சோதித்துப் பார்த்துவிட்டு, போர்ட்டோடு நேரடியாகப் பேச உதவும் நெட்கேட் கருவியைக் கொண்டு இணையுங்கள். ஓட்டைகளைத் தானாகப் பயன்படுத்தும் மெட்டாஸ்ப்ளாய்ட் கருவி இதை நான்கைந்து கட்டளைகளில் முடித்துத் தரும் என்றாலும், முதல் தடவை கையால் செய்வதே மேல். கருவி தோற்கும் இடத்தில் காரணம் தேட அந்த அனுபவம்தான் உதவும்.

இதனோடு சேர்த்து லினக்ஸ் கட்டளை வரியையும், ஐபி முகவரிகளைச் சப்நெட்டுகளாக (சிறு நெட்வொர்க்குகளாக) பிரிப்பதையும், தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் செயல்படும் விதத்தையும் படித்துவர வேண்டும். கட்டளை வரிக்கு ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டை விடச் சிறந்த இலவச ஆசான் எனக்குத் தெரிந்து இல்லை. பைத்தான் சிறிது தெரிந்தால் போதும்.

பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் தொடாமல் விடுவது அறிக்கை எழுதுவதை. வாடிக்கையாளர் பணம் தருவது அறிக்கைக்காகத்தான், ரூட் அனுமதி கிடைத்த மகிழ்ச்சிக்காக அல்ல. எனவே முதல் ஓட்டையிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்: எந்த முகவரி, எந்தப் போர்ட், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்ன நடந்தது, திரைப்பிடி, நிர்வாகி அதைச் சரிசெய்யும் வழி. விஎஸ்எஃப்டிபிடி ஓட்டையைப் பொறுத்தவரை, புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்பதோடு நில்லாமல், எஃப்டிபி உண்மையில் தேவைதானா, தேவையில்லை என்றால் அந்தச் சேவையையே நிறுத்திவிடலாமா என்றும் எழுத வேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்து இன்னொருவர் அதே ஓட்டையை மறுபடி காட்ட முடிந்தால் அறிக்கை சரியாக இருக்கிறது.

மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளின் மற்றப் போர்ட்டுகளையும் இவ்வாறே முடித்த பிறகு டிரைஹேக்மீ, அதற்கு மேல் ஹேக் தி பாக்ஸ் என்று இணையப் பயிற்சித் தளங்களுக்குச் செல்லலாம். சான்றிதழுக்கு அவசரம் வேண்டாம். ஊடுருவல் சோதனைக்கான ஓஎஸ்சிபி சான்றிதழின் தேர்வு 23 மணி 45 நிமிடம் செய்முறையாக நடந்து, அதன்பின் அறிக்கை எழுதி அனுப்ப 24 மணி நேரம் தரப்படுகிறது. கட்டணம் கட்டுவதற்கு முன், ஹேக் தி பாக்ஸின் எளிய கணினிகள் சிலவற்றை யாருடைய விளக்கக் குறிப்பையும் பார்க்காமல் முடித்து, அவற்றுக்கு முழு அறிக்கையும் எழுதிப் பாருங்கள்.